சுக்கானுக்குத் திரும்புன ஊர்

கஸ்பார் அண்ணன் தன் படகுல புதுசாப் பூட்டுன சுக்கானை இடமிருந்து வலமாத் தள்ளுனாரு, சிப்பிக்குடி ஊர் திரும்புச்சு, நான் அந்நேரம் எங்க வீட்டு முற்றத்துல கண்ணாடியை ஆணியில மாட்டிச் சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன், வலது கன்னத்துல அடிச்சுக்கிட்டிருந்த காலை வெயில் மூக்கைத் தாண்டி இடது கன்னத்துக்கு வந்து நின்னுச்சு, சரி வசதியாப் போச்சுன்னு நான் இடது பக்கத்தை மழிக்க ஆரம்பிச்சேன். மேலத்தெருக் கிணத்துல வாளி விட்டவங்களுக்குக் கயிறு கொஞ்சம் சாஞ்சுது, அவங்களும் கொஞ்சம் சாஞ்சு நின்னு இழுத்துக்கிட்டாங்க. கருவாடு காயப்போட்டவங்க, இன்னைக்கு நிழல் சீக்கிரமாப் போயிருச்சேன்னு சந்தோசப்பட்டாங்க. கடல் ஊருக்குள்ள வந்து அடுப்படி வரைக்கும் பாத்துட்டுப் போன காலத்தையெல்லாம் கண்ட சனம் நாங்க, ஊர் கொஞ்சம் திரும்புறதுக்கெல்லாம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா பொழப்பு நடக்குமா?

என் பேரு தொம்மை, ஊர்க் கமிட்டிச் செயலாளர். பெரிய படிப்பெல்லாம் கிடையாது, கையெழுத்து நல்லா இருக்கும்னு போட்டு வச்சிருக்காங்க. அதனால இந்த விசயத்துல நடந்த நல்லது கெட்டது எல்லாம் என் நோட்டுலதான் இருக்கு.

முதல்ல அந்தப் படகைச் சொல்லிர்றேன். ரெண்டு ஒல்லியான பைபர் உடம்பு, அதை இணைக்க ரெண்டு குறுக்குக் குழாய், குழாய்க்கு நடுவுல நாடாக் கட்டில் மாதிரி இழுத்துக் கட்டுன துணி, ஒரு பாய்மரம், அவ்வளவுதான். வடக்க மூடிப்போன ஒரு கடற்கரை ஓட்டல்ல வெள்ளைக்காரங்க விளையாட வச்சிருந்தது, இருபத்தஞ்சு வருசப் பழசு, தூக்கிட்டுப் போங்கன்னு விட்டுட்டாங்க. பக்கவாட்டுல கட்டமரான்னு எழுதியிருந்ததைப் பாத்து எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரே எரிச்சல். ஒரு கட்டும் இல்லை, ஒரு மரமும் இல்லை, இது எந்த ஊர்க் கட்டமரான்னு ஒரு வாரம் பேசுனாங்க. அப்புறம் ரெட்டைப்படகுன்னே பேராயிருச்சு.

கஸ்பார் அண்ணன் மூணு வருசத்துக்கு முன்னால போட்டு கட்டுற ஜெட்டிச் சுவருக்கும் போட்டுக்கும் நடுவுல மாட்டி வலது முட்டி நொறுங்குனவரு. மடக்க முடியாத காலு. வள்ளத்துல நின்னு வலை இழுக்க முடியாது, ஆடுற பலகையில நிக்கவே முடியாது, அதனால யாரும் கூட்டிட்டுப் போறதில்லை. ரெட்டைப்படகுல உக்காந்த வாக்குல காலை நீட்டிக்கிட்டே போகலாம். ஊருக்கு அது விளையாட்டுச் சாமான், அவருக்கு அது கடலுக்குத் திரும்பிப் போற ஒரே வழி. மீன் பிடிக்கணும்னு கூட அந்த மனுசன் கேக்கலை. ஒருதரம் போகணும், கரை மறையுற தூரம் போகணும், தானே ஓட்டித் தானே திரும்பி வரணும், அதைத்தான் கேட்டாரு.

படகுல கேடெல்லாம் சுக்கான்லதான் இருந்துச்சு. ரெண்டு உடம்புக்கும் பின்னால ஆளுக்கொரு சுக்கான், ரெண்டையும் ஒண்ணாத் திருப்ப ஒரு குறுக்குக் கம்பி, கம்பி நடுவுல இருந்து கைக்கு ஒரு நீளப் பிடி. சுக்கானைத் தாங்குற துளையெல்லாம் தேஞ்சு முட்டை வடிவமாப் போயிருந்துச்சு, அலுமினியம் உப்புல பூத்திருந்துச்சு, பிடியை அசைச்சா சுக்கான் ஒரு நேரம் யோசிச்சுட்டுத்தான் அசையும். அண்ணன் ஆறு மாசம் உக்காந்தாரு. பழைய துளையைப் பசை ஊத்தி அடைச்சுப் புதுசாத் துளை போட்டாரு, துருப்பிடிக்காத போல்ட்டா மாத்துனாரு, பிடிக்கு டிவி ஆண்டெனாக் குழாயை வெட்டிப் போட்டாரு, உள்ள வைக்கத் தேயாத புஷ் வேணும்னு அவரு பொஞ்சாதி பிரகாசி மயினியோட காய் நறுக்குற பிளாஸ்டிக் பலகையை எடுத்து வட்டம் வட்டமா அறுத்துட்டாரு. அன்னைக்கு மயினி வெண்டைக்காயை உள்ளங்கையில வச்சு நறுக்கிக்கிட்டே, "ஏங்க, நாளைக்கு அம்மிக்கல்லையும் தூக்கிட்டுப் போயிராதிய"ன்னாங்க.

சுக்கானைப் படகோட பிணைக்கிற கீலுக்குத்தான் நல்ல பித்தளை கிடைக்கலை. எங்க ஊர்ல திருவிழா முடிஞ்சா, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கோழி, உப்பு, தேங்காய் எல்லாத்தையும் ஏலம் விடுவோம். அந்த வருசம் கோயிலுக்குப் புதுக் கதவு போட்டதால, பழைய வாசக்கதவோட கீல் நாலையும் அந்தக் கோழியோட கோழியா ஏலத்துல வச்சோம். ஊரே அந்தக் கோயிலைச் சுத்திக் கட்டுனதுதான், ஊர்ல பிறந்தவன் கல்யாணம் கட்டுனவன் செத்தவன் எல்லாரும் அந்தக் கீல் திறந்த கதவு வழியா வந்து போனவங்கதான், அதைக் கழட்டி ஒரு படகோட வாலுல மாட்டலாமான்னு யாருக்காவது தோணுச்சா, தோணலை. கஸ்பார் அண்ணன் கேட்டாரு, நான்தான் மூணுதரம் சொல்லி மணி அடிச்சேன். அப்புறம் ஏன் ஊர் திரும்பாது?

திரும்புறதுன்னா இப்படி: படகு கடலோரத்து மணல்ல நின்ன எடத்துலயே நிக்கும், கடலும் உப்பளமும் தார் ரோடும் அதது எடத்துலயே இருக்கும், ஊர் மட்டும் கோயிலை நடுவா வச்சுத் திரிகைக்கல்லு மாதிரி சத்தமில்லாமச் சுத்தும். பிடியைத் தள்ளுனா கொஞ்சம் சுத்தும், விட்டா நிக்கும். அன்னைக்குக் காலையில அண்ணன் படகுல உக்காந்து நிமிந்து பாத்தா, எதுத்தாப்புல இருந்த அவரு வீட்டைக் காணோம், அந்த எடத்துல கமிட்டித் தலைவர் மச்சாது அண்ணாச்சியோட மாட்டுக்கொட்டகை நிக்குது. மாடு அவரைப் பாத்துச்சு, அவரு மாட்டைப் பாத்தாரு, பிடியைப் பழையபடி இழுத்து வீட்டை எடத்துக்குக் கொண்டாந்து வச்சுட்டு, சாப்பிடப் போனாரு.

நாலு நாளைக்குள்ள ஊருக்கு இது பழகிப்போச்சு, பத்து நாளைக்குள்ள இது இல்லாம முடியாதுன்னு ஆகிப்போச்சு. மேலத்தெருக்காரங்க தலைமுறை தலைமுறையா உப்பளத்தைப் பாத்துக் கண்ணு கூசுனவங்க, எங்களுக்கும் ரெண்டு நாளு கடல் வேணும்னு வந்து நின்னாங்க. கருவாட்டுக்காரங்களுக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் வேணும், சீட்டாடுறவங்களுக்கு அதே நேரம் நிழல் வேணும். பொண்ணு பாக்க வந்த வீட்டுக்காரங்க தெக்கு வாசல்னு முகம் சுளிச்சதும், காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வாசலைக் கிழக்க திருப்பிக் கொடுத்தோம். நாங்க வேதக்காரங்க, ஏசுசாமியைக் கும்பிடுறவங்க, வாஸ்தெல்லாம் பாக்க மாட்டோம், ஆனா பாக்குறவங்க மனசை ஏன் நோகடிக்கணும்? மினி பஸ் கண்டக்டர் மட்டும் ஒரு மாசம் திட்டித் தீத்தான், அப்புறம் அவனும் ஊருக்கு வெளிய நின்னு ரெண்டு விசில் அடிச்சா பஸ் ஸ்டாப்பைப் பஸ்ஸுக்கிட்ட கொண்டாந்து விடணும்னு ஏற்பாடாச்சு. சர்வேயர் ஒருத்தர் வந்து மத்தியானம் வரைக்கும் அளந்தாரு, ரெண்டு இளநி குடிச்சாரு, மேற்படி கிராமம் வரைபடத்தில் உள்ளபடியே உள்ளதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த பஸ்ல ஏறிட்டாரு. பங்குச் சாமிதான் முதல்ல கோவிச்சாரு, தேவனுடைய ஆலயத்தை இப்படித் திருகலாமான்னு. ஆனா ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துல கடைசி பெஞ்சுல தூங்குறவன் மூஞ்சியில வெயில் விழுற மாதிரி ஒரு சாண் திருப்பித் தர்றோம்னு சொன்னதும், அதுல ஒரு நியாயம் இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு.

ஒரு சிக்கல் வந்துச்சு. ரெண்டு சுக்கானும் ஒரே பக்கம் பாக்கணும்லா, குறுக்குக் கம்பி அரை விரல் கூடிப்போனதால அது பாக்கலை. இடது சுக்கானுக்குக் கீழத்தெரு திரும்பும், வலது சுக்கானுக்கு மேலத்தெரு திரும்பும், கம்பி சரியில்லைன்னா ஒண்ணு முந்தும் ஒண்ணு பிந்தும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுத்தெரு ஒரு முழம் சுருங்கி, எதுத்த எதுத்த வீட்டுக்காரங்க வாசல்ல உக்காந்தா முட்டியும் முட்டியும் இடிக்கிற அளவுக்கு வந்துருச்சு. ஒருத்தர் வீட்டுச் சண்டைக்கு அடுத்த வீட்டுல இருந்து பதில் வந்துச்சு. ஒரு கல்யாணப் பந்தல் ரெண்டாக் கிழிஞ்சு, மாப்பிள்ளை ஒரு பக்கமும் பிரியாணி ஒரு பக்கமுமா நின்னாங்க. கஸ்பார் அண்ணன் கம்பியைக் கழட்டி, ரெண்டு சுக்கானுக்கும் முன்னால நூல் பிடிச்சு, பின்னால நூல் பிடிச்சு, முன்பக்கம் ஒரு நெல்லு கனம் உள்ள சாயுற மாதிரி வச்சு முறுக்குனாரு. நடுத்தெரு பழைய அகலத்துக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் எங்க ஊர்ல தொட்டில் பிள்ளை தவிர எல்லாரும் சுக்கான் விற்பன்னர் ஆயிட்டாங்க, பால் குண்டான் லேசாத் தளும்புனா அடுப்படியில இருந்தே, "புஷ்ஷு தேஞ்சிருக்கும், அவரைப் பாக்கச் சொல்லு"ன்னு குரல் வரும்.

ஊர் அவரைத் தாங்கு தாங்குன்னு தாங்குச்சு. வேளைக்கு ஒரு வீட்டுல இருந்து மீன்குழம்பு, படகுக்கு மேல தென்னங்கீத்துப் பந்தல், உக்கார ஒரு மெத்தை. எல்லாம் கொடுத்தோம், படகைத் தண்ணியில இறக்க மட்டும் விடலை.

புரட்டாசி மாசம் கூட்டத்துல அவரு எந்திரிச்சாரு. நின்னு பேசுறது அவருக்குச் சிரமம், செவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "ஒரு நாள் விடுங்க அண்ணாச்சி. காலையில போயிட்டு மத்தியானம் வந்துருவேன்."

மச்சாது அண்ணாச்சி ஐஸ் பேக்டரி வச்சிருக்கிறவரு, மெதுவாப் பேசத் தெரியாது. "எந்த நாளுவே?"ன்னாரு. "தொம்மை, நோட்டை எடுத்து வாசி."

நான் வாசிச்சேன். திங்கள் கருவாடு, செவ்வாய் புதன் மேலத்தெருவுக்குக் கடல், வியாழன் காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிச்சம், சாயங்காலம் தெக்கத்திக் காத்து, வெள்ளி பொண்ணு பாக்குறது, சனி துணி காயப்போடுறதும் மத்த சில்லறை விசயங்களும்.

"அப்ப ஞாயித்துக்கிழமை போறேன்"ன்னாரு அண்ணன்.

கூட்டமே அவரை ஒரு மாதிரி பாத்துச்சு. ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல ஒரு படகும் கரையை விட்டுப் புறப்படாது. வலை கிழிஞ்சாலும் சரி, வாசல் வரைக்கும் மீன் வந்து துள்ளுனாலும் சரி. எந்தக் காலத்துச் சட்டமோ, அதை மீறுனவன் எவனும் இல்லை.

"நீரும் வேதக்காரன்தானவே"ன்னாரு மச்சாது அண்ணாச்சி. "ஆறு நாளு ஊருக்கு, ஏழாம் நாளு ஆண்டவருக்கு. இதுல உமக்குன்னு எங்க இருந்து நாளு எடுக்க? உமக்கு என்னதான் குறை? உக்காந்த எடத்துல சோறு வருது, ஊரே உம்ம கையில இருக்கு."

"எனக்கு ஊரு வேண்டாம் அண்ணாச்சி"ன்னாரு கஸ்பார் அண்ணன். "கடலு போதும்."

நான் நோட்டை மூடி வச்சுட்டேன். எனக்கும் வியாழக்கிழமைச் சாயங்காலம் அந்தத் தெக்கத்திக் காத்து வேண்டியிருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

இதுல ஊரோட பக்கம் முதல் ஆளா நின்னது பிரகாசி மயினிதான். கமிட்டிக்குத் தனியாத் தூது சொல்லிவிட்டாங்க, என்ன கெஞ்சுனாலும் விட்றாதிய, அந்தக் காலை வச்சுக்கிட்டு கவுந்தா நீந்த முடியாதுன்னு. ஜெட்டியில இருந்து அவரை வேட்டியில முடிஞ்சு தூக்கிட்டு வந்த நாளை அவங்க மறக்கலை. ஊர் அவரைக் கரையில கட்டிப் போட்டதுல அவங்களுக்குப் பரம நிம்மதி.

அந்த நிம்மதி எப்பக் கெட்டுச்சுன்னா, ஒரு சாயங்காலம் அவங்க குடத்துல வச்சிருந்த நல்ல தண்ணியைக் காணோம். தேடிப் போனா, அண்ணன் படகோட பின்பக்கம் காலை நீட்டி உக்காந்து, சுக்கானை, கீலை, போல்ட்டை எல்லாம் அந்தத் தண்ணியை ஊத்தி ஊத்தித் துணியால துடைச்சுக்கிட்டிருக்காரு. கடலுக்குப் போயிட்டு வந்த மனுசன் உப்புப் போகச் சாமானைக் கழுவுவான்லா, அந்தக் கழுவல்.

"தண்ணியே தொடாத படகுக்கு எதுக்குங்க நல்ல தண்ணி?"ன்னு கேட்டாங்க.

"தினம் கழுவுறதுதான்"ன்னாரு அவரு, தலையைத் தூக்காம. "கழுவலைன்னா வீட்டுக்கு வந்த மாதிரி இல்லை பிரகாசி."

மயினி வீட்டுக்குள்ள போய் அழுதுருக்காங்க. இதை அவங்களே என்கிட்டச் சொன்னாங்க, மறுநாள் சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து நின்னப்போ. அந்த மனுசனை உசுரோட வச்சிருக்கோம்னு நினைச்சு என்ன செஞ்சு வச்சிருக்கேன் பாருங்க தம்பின்னாங்க. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, "ஞாயித்துக்கிழமைச் சட்டத்தை ஒருதரம் வாசிங்க"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை எந்தப் படகும் கரையை விட்டுப் புறப்படக் கூடாதுன்னு வாசிச்சேன்.

"அப்ப படகு அசையாம இருந்தா சட்டத்துக்குத் தப்பு இல்லை."

"அசையாம எப்படி மயினி கடலுக்குப் போறது?"

"மேலத்தெருவுக்குப் பின்னால ரோடு போட மண்ணு அள்ளுன குழி இருக்குல்லா"ன்னாங்க. இருக்கு, ரெண்டு ஆள் ஆழம், ஊரோட ஓரத்தை ஒரு கடி கடிச்ச மாதிரி. அது கடல் பக்கம் வந்தாத் தண்ணி ஏறிரும்னு, அதுக்கு முன்னாலயே எப்பவும் நிறுத்திருவோம். "நாளைக்குப் பிரசங்கத்துக்கு ஒரு சாண் திருப்பணும்லா. கொஞ்சம் கூடுதலாத் திருப்புனா அந்தக் குழி படகுக்கு அடியில வந்துரும். படகு இருந்த எடத்துலதான் இருக்கும். கரைதான் விலகியிருக்கும்."

நான் செயலாளர். உடனே போய் மச்சாது அண்ணாச்சிக்கிட்டச் சொல்லியிருக்கணும். நோட்டை எடுத்துத் தலகாணிக்கு அடியில வச்சுட்டுப் படுத்துட்டேன்.

மறுநாள் சாமி பிரசங்கத்தை ஆரம்பிச்சாரு. வழக்கம்போல வெயில் நகந்து கடைசி பெஞ்சுக்கு வந்துச்சு, தூங்குனவன் முழிச்சான். வெயில் நிக்கலை. அடுத்த பெஞ்சுக்கு வந்துச்சு, அதுக்கடுத்த பெஞ்சுக்கு வந்துச்சு, கண்ணை மூடி உருக்கமாக் கேட்டுக்கிட்டிருந்த மச்சாது அண்ணாச்சியோட மூஞ்சியில ஏறுச்சு, பீடத்துப் படி ஏறுச்சு, சாமியோட மூக்குக்கண்ணாடியில பளிச்சுன்னு அடிச்சுச்சு, அவரு சொல்லிக்கிட்டிருந்த நரகத்தை அப்படியே பாதியில நிறுத்துனாரு, அப்புறம் வெயில் ஜன்னல் வழியா வெளிய போயிருச்சு. வெளிய இருந்து ஒரு பெரிய அண்டாவுல தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு.

சாமியைத் தவிர எல்லாரும் ஓடிப்போனோம். குழி நிறைய கடல், அதுக்கு நடுவுல ரெட்டைப்படகு மிதந்துக்கிட்டிருக்கு, பாய் ஏத்தியிருக்கு, கஸ்பார் அண்ணன் மெத்தையில காலை நீட்டி உக்காந்து பிடியைக் கையில வச்சிருக்காரு. மூணு வருசத்துல அந்த மூஞ்சியை நான் அப்படிப் பாத்ததில்லை.

"ஓய், ஞாயித்துக்கிழமைவே"ன்னு கத்துனாரு மச்சாது அண்ணாச்சி.

"நான் புறப்படலை அண்ணாச்சி"ன்னாரு அவரு, நல்ல மரியாதையா. "இருந்த எடத்துலதான் இருக்கேன்." அந்நேரம் வாடைக்காத்து பாயில அடிச்சுச்சு. "இனிமே காத்து கொண்டுபோனா நான் என்ன செய்ய?"

காத்து கொண்டுபோச்சு. கொண்டுபோன வேகத்தைப் பாக்கணுமே, ரெண்டு உடம்பும் தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு, இருபத்தஞ்சு வருசப் பழசுன்னு யாரும் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்துல அவரு கடல்ல படகைத் திருப்புனாரு, இங்க ஊரும் திரும்புச்சு. சுக்கான் அவரு கையில, ஊர் சுக்கான்ல, அதை நாங்க யாரும் யோசிச்சுப் பாக்கலை. அவரு காத்தைப் பிடிக்க இடமும் வலமுமா வளைஞ்சு வளைஞ்சு போனாரு, ஒவ்வொரு வளைவுக்கும் கோயில் கோபுரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாப் போய் வந்துச்சு, சாமி திவ்ய நற்கருணையோட பீடத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, ஐஸ் பேக்டரி ஒரு நேரம் உப்பளத்தைப் பாத்துச்சு, ஒரு நேரம் கடலைப் பாத்துச்சு. கமிட்டி மொத்தமும் பிரகாசி மயினிக்கிட்ட ஓடுனோம்.

"உம் புருசனைக் கூப்பிடும்மா"ன்னாரு மச்சாது அண்ணாச்சி.

மயினி மணல்ல சம்மணம் போட்டு, ரெண்டு உள்ளங்கையையும் தரையில ஊனி உக்காந்திருந்தாங்க. "கூப்பிட மாட்டேன்"ன்னாங்க. தரை லேசாத் திரும்புச்சு. "இப்ப இடப்பக்கம் தள்ளுதாவ"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. "இருபது வருசம் இந்த மனுசனைக் கடலுக்கு அனுப்பிட்டு, இருக்காரா இல்லையான்னு தெரியாம வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நான் உக்காந்திருக்கேன் அண்ணாச்சி. இன்னைக்குத்தான் அவரு கையசைக்கிறது எனக்கு இங்க தெரியுது."

அண்ணாச்சியும் கடல் பக்கமாத் திரும்பி நின்னாரு.

பாய் சின்னதாகி, நகம் அளவாகி, மறைஞ்சுபோச்சு. ஊர் இன்னும் ரெண்டு தரம் திரும்புச்சு. அப்புறம் நின்னுருச்சு. காத்தும் நின்னுருச்சு. கால் மணி நேரம் ஆச்சு, அரை மணி ஆச்சு, ஊர் அசையலை. மயினி சிரிப்பை நிறுத்திட்டாங்க. எங்கள்ல ஒருத்தரும் வீட்டுக்குப் போகலை, கருவாட்டுக்காரங்க வந்தாங்க, சீட்டாடுறவங்க வந்தாங்க, மேலத்தெரு முழுக்க வந்துச்சு, சாமி பூசை உடுப்போடயே வந்து செபமாலையைத் தொடங்கி வச்சாரு. நோட்டைத் தலகாணிக்கு அடியில வச்சவன் நான்தானே, அந்த மனுசனுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் முட்டிக்குவேன். மச்சாது அண்ணாச்சி செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட நின்னாரு. அப்புறம் அதுவும் போதாதுன்னு மயினிக்குப் பக்கத்துல முட்டி போட்டு, அவங்களை மாதிரியே ரெண்டு கையையும் மணல்ல வச்சாரு. ஒவ்வொருத்தரா உக்காந்தோம். ஊரே கையைத் தரையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

முதல்ல யாருக்குத் தெரிஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒரு சாண் இருக்கும், மெதுவா, ஊர் திரும்புச்சு. நின்னுச்சு. திரும்பவும் ஒரு சாண். அதுக்கப்புறம் காத்தும் திரும்ப எழும்ப, விடாம, நீளமா, ஒரு பெரிய சுத்து.

"கரைக்குத் திருப்பிட்டாரும்மா"ன்னாரு மச்சாது அண்ணாச்சி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுக்கிட்டே.

பிரகாசி மயினி எந்திரிச்சுச் சேலையில ஒட்டுன மணலைத் தட்டிவிட்டாங்க. "பசியோட வருவாவ, உலை வைக்கணும்"ன்னாங்க. ரெண்டு எட்டு நடந்துட்டு, நின்னு, என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

"தம்பி, எங்க வீடு இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"